மோட்டார் வாடகை

பாண்டிமீனா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் ஊரில் யாரைக் கேட்டாலும், சிவகாசியில் பிரஸ்ஸில் இருக்கிறாள் என்பார்கள். அது பாதிதான் உண்மை. பிரஸ்ஸில் இருக்கிறாள், ஆனால் அவள் கையில் ஒருநாளும் மை பட்டதில்லை. எங்கள் கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனி என்று கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு எழுதிச் சொல்வதுதான் அவள் வேலை. காற்றைக் கெடுக்கிறோமா, தண்ணீரை வீணாக்குகிறோமா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள். இவள் பதில் எழுதுவாள். அவர்கள் மார்க் போடுவார்கள்.

நான் அதே அறையில் எதிர் மேஜையில் உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறவன். சோப்புப் பெட்டியிலோ பட்டாசு லேபிளிலோ ஓர் எழுத்து மாறிப்போனால் என் தலை உருளும். பாண்டிமீனா எழுதுவது சரியா தப்பா என்று பார்க்க உள்ளூரில் ஆள் கிடையாது. அதனால் அவள் மேஜையில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து பார்த்த ஆள் நான் ஒருவன்தான். பார்த்ததைச் சொல்கிறேன். எரிச்சலோடுதான் சொல்வேன், தேன் தடவிச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் முதலாளி ரத்தினசாமி கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தீபாவளி போனஸை அவர் ஒரு வருடமும் இழுத்தடித்ததில்லை. பட்டாசு லேபிளில் தொடங்கி, ஒரு பெரிய சோப்புக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி அடிக்கிற அளவுக்கு வந்தவர். அந்தச் சோப்புக் கம்பெனி ஒருநாள், பெட்டிக்குள் வைக்கிற பிளாஸ்டிக் தட்டு இனி ஆகாது, காகிதக் கூழில் செய்த தட்டு வேண்டும் என்றது. முதலாளி பின்பக்கம் ஒரு ஷெட் போட்டார். பிரஸ்ஸில் வெட்டித் தள்ளுகிற காகிதத் துண்டுகளை அங்கே ஊறவைத்து, அரைத்து, அச்சில் ஊற்றித் தட்டாக எடுத்தோம். பிளாஸ்டிக் ஒழிந்தது, குப்பை காசானது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கூழ் என்றால் தண்ணீர். மெஷினைச் சீனாவிலிருந்து கொண்டுவந்து இறக்கலாம். சிவகாசியில் தண்ணீருக்கு எங்கே போவது?

ஆமத்தூர்ப் பக்கம் போனோம். அங்கே ஒரு சின்ன ஊரில் முத்துராமலிங்கம் என்கிற சம்சாரியின், அதாவது விவசாயியின், தோட்டக் கிணற்றிலிருந்து வெள்ளைத்துரையின் டேங்கர் லாரி லோடு லோடாக அடித்துக்கொண்டு வந்தது. முத்துராமலிங்கம் பாண்டிமீனாவின் அப்பா. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. மகளுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் தெரியும். வெள்ளைத்துரை லாரியில் இடமிருந்தால் அவள் பஸ்ஸுக்குக் காத்திராமல் அதிலேயே வேலைக்கு வந்து இறங்கிய நாட்கள் உண்டு.

ஆனால் முத்துராமலிங்கத்தைக் கேட்டால், தான் தண்ணீர் விற்பதாக ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தக் குடும்பம் ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு ரோட்டோரம் பந்தல் போட்டுத் தண்ணீரும் மோரும் கொடுத்த குடும்பம். தண்ணீருக்குக் காசு வாங்கினால் மாரியாத்தா கண்ணைக் குத்திவிடுவாள் என்று நம்புகிற குடும்பம். மழை பொய்த்து, பருத்தியும் மிளகாயும் கருகி, வேறு வழியில்லாமல் போனபோது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீருக்குக் காசில்லை. கிணற்றில் இருக்கிற மோட்டாரைக் கம்பெனிக்கு வாடகைக்கு விடுகிறார். மோட்டார் ஓடினால் தண்ணீர் வருகிறது, அதற்கு அவர் என்ன செய்வார்? பில்லில் 'மோட்டார் வாடகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தப் பக்கம் கிணறு வைத்திருக்கிற எல்லாச் சம்சாரிகளும் அப்படித்தான் எழுதினார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸிலும் அது இயந்திர வாடகை என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் என்ற சொல் ஒரு தாளிலும் கிடையாது. சாமிக்கும் கோபமில்லை, கணக்குக்கும் குறைவில்லை.

இப்படி இருக்கையில்தான் மார்க் போடுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

சோப்புக் கம்பெனி பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி. வருடா வருடம் தன் சுற்றுச்சூழல் கணக்கைப் பகிரங்கமாக ஒப்பிக்க வேண்டும். தன் கணக்கு மட்டும் போதாது, தனக்குச் சரக்குப் போடுகிறவர்களின் கணக்கும் வேண்டும் என்று ஆகிவிட்டது. மாமியார் மருமகளைக் கேட்டாள், மருமகள் வேலைக்காரியைக் கேட்டாள். வேலைக்காரி நாங்கள். நீளநீளமாக இங்கிலீஷில் மெயில் வந்தது. விருதுநகர் காலேஜில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டெஸ்பாட்ச்சில் உட்கார்ந்திருந்த பாண்டிமீனா அதை முழுசாகப் படித்துவிட்டாள். படித்த பாவத்துக்கு அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

மார்க் போடுகிறவர்கள் ஒருவர் இல்லை, மூன்று பேர். ஒரு கம்பெனி பதக்கம் கொடுக்கும்: வெண்கலம், வெள்ளி, தங்கம். அதற்கு எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். கொள்கை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் நீ உத்தமன். இன்னொரு கம்பெனி எழுத்துப் போடும். ஏ என்றால் முதல் வரிசை, டி என்றால் கடைசி. அது தாள் கேட்காது, நீ சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் கேள்விகள் குடைச்சலாக இருக்கும். உன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த வட்டாரத்தில் பற்றாக்குறை உண்டா, நீ எடுப்பதால் யாருக்குக் கஷ்டம், அதற்கு நீ என்ன செய்தாய் என்று தோண்டிக்கொண்டே போகும். மூன்றாவது, ஆள் அனுப்பிப் பார்க்கிற கூட்டம். டார்ச் லைட்டோடு வந்து தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா, அவசர வழி திறக்கிறதா, ஆட்கள் கையுறை போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"ஒண்ணு பில்லக் கேக்குது சார். ஒண்ணு மனச்சாட்சியக் கேக்குது. ஒண்ணு கக்கூஸ எட்டிப் பாக்குது. மூணும் சேந்து ஒருதடவ கூட வராது."

அன்றைக்கு இருவரும் சிரித்தோம். அப்போது அவள் ஊர்க் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அடுத்த கோடையில் வரவில்லை. டேங்கருக்கு ஈடுகொடுக்க முத்துராமலிங்கம் கிணற்றை ஆழப்படுத்தி, உள்ளே பக்கவாட்டிலும் போர் போட்டிருந்தார். அவர் தோட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றுகிற பொதுப் போர். கிணறு இறங்க இறங்க அதுவும் இறங்கியது. முதலில் குழாய் நூலாக வடிந்தது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வடிந்தது. குழாயடியில் ராமுத்தாய் என்பவள் பாண்டிமீனாவின் அம்மா முத்துப்பேச்சியைப் பார்த்து, எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டாள்.

"ஒங்க வீட்டு மோட்டாரு வாடகைக்குப் போன நாள்ல இருந்து எங்க கொடம் காஞ்சு கெடக்கு மதினி."

முத்துப்பேச்சி காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து, மகளிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள். புருஷனிடம் சொல்லத் துணிவில்லை. அன்றிலிருந்து பாண்டிமீனாவுக்கு ஒரே நினைப்பு. ஊர்ப் போர் ஒரேயடியாக வற்றுவதற்குள் லோடைப் பாதியாகவாவது குறைக்க வேண்டும். முதலில் அப்பாவிடம் போனாள். அவர் தான் தண்ணீரே விற்கவில்லை என்றார். கிணறு நம்முடையது, ஊற்று ஊருக்குப் பொது என்று இவள் சொன்னதற்கு, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா?

பிறகு முதலாளியிடம் போனாள். கூழ் ஷெட்டிலிருந்து வடிகிற தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த மெஷின் இருக்கிறது, அதைப் போட்டால் டேங்கர் பாதியாகக் குறையும் என்று விவரமாகச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அது நல்ல விஷயம்தான் என்றுகூடச் சொன்னார்.

"ஆனா சோப்புக் கம்பெனிக்காரக இதக் கேக்கலியேம்மா. அவுக கேக்கட்டும், மறுநாளே போட்டுருவோம்."

இதில் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வியாபாரி கேட்டதைக் கொடுப்பான், கேட்காததை ஏன் கொடுக்கப்போகிறான்? பாண்டிமீனா அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். சோப்புக் கம்பெனி கேட்க வேண்டும், அவ்வளவுதானே? அவர்களைக் கேட்க வைக்க அவளிடம் மூன்று வழிகள் இருந்தன. மூன்றிலும் உள்ளது உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்தாள். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். எழுதிக்கொள், நாம் என்ன கள்ளக்கடத்தலா பண்ணுகிறோம் என்று அவரும் சொன்னார்.

பதக்கக் கம்பெனியில் இத்தனை லட்சம் லிட்டர் கிணற்றுத் தண்ணீர் என்று எழுதி, ஆதாரமாக அப்பாவின் பில்லை இணைத்து அனுப்பினாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. இணைத்த ஆவணம் இயந்திர வாடகை பற்றியது, இதில் தண்ணீர் பற்றி ஒன்றும் இல்லை, ஏற்க இயலாது என்று. எங்கேயோ குளிர் அறையில் உட்கார்ந்து நம்முடைய தமிழ் பில்லை யாரையோ வைத்து மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. தாளில் இருப்பதைத்தானே அவர்கள் பார்க்க முடியும்?

அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம் கெஞ்சியிருக்கிறாள். ஒரே ஒரு பில், தண்ணீர் என்று எழுதிக் கொடுங்கள், இத்தனை லோடு என்று போடுங்கள், ஊரே பிழைக்கும் என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் ஆபீஸுக்கு வந்து, முகம் செத்துப்போய் என்னிடம் சொன்னாள். முத்துராமலிங்கம் சொன்ன பதில் இதுதான்.

"தண்ணிய வித்தவன்னு என் கையெளுத்துல ஒரு தாளு இந்த ஊரத் தாண்டிப் போகக்கூடாது ஆத்தா. அதுக்கு நான் இந்தக் கெணத்துலயே விளுந்து செத்துருவேன்."

கிணற்றில் விழுவேன் என்கிற மனுஷனிடம் மகள் அதற்குமேல் என்ன பேசுவாள்? அவள் திரும்ப வந்து, படிவத்தின் அந்தக் கட்டத்தில் நகராட்சிக் குழாய்த் தண்ணீர் அளவை மட்டும் போட்டாள். அதற்குத்தான் பில் இருந்தது. ஆபீஸ்காரர்கள் கை கழுவுகிற தண்ணீர் அது.

டார்ச் லைட் கூட்டம் அடுத்த மாதம் வந்தது. பாண்டிமீனா அவர்களைக் கூழ் ஷெட்டுக்கு அழைத்துப்போய், டேங்கர் தண்ணீர் இறங்குகிற பெரிய தொட்டியின் முன் நிறுத்தினாள். அதில் கட்டிட அனுமதி வாங்குவதற்காக எப்போதோ 'மழைநீர் சேகரிப்புத் தொட்டி' என்று பெயின்டில் எழுதி வைத்திருந்தோம். சிவகாசியில் பெய்கிற மழைக்கு அந்தத் தொட்டியில் கொசுகூட முட்டையிடாது. வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் போர்டைப் படித்து மற்றவருக்குச் சொன்னார். இருவரும் சந்தோஷமாக அதைப் போட்டோ எடுத்தார்கள். இது மழைத் தண்ணீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர் என்று இவள் சொன்னாள். தண்ணீர் தங்கள் பட்டியலில் இல்லை, தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பதுதான் இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். மூடி இருந்தது.

மிச்சம் இருந்தது எழுத்துப் போடுகிற கம்பெனி. அதற்குத்தான் தாள் வேண்டாமே, சொன்னால் போதுமே. பாண்டிமீனா தன் மனசில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டினாள். அவள் எழுதியதை அன்றைக்கு எனக்குப் படித்துக் காட்டினாள். நான் பார்த்த புரூஃப்களிலேயே கை வைக்கத் தோன்றாத புரூஃப் அது. எங்கள் ஆலைக்கு வரும் தண்ணீர் இன்ன கிராமத்துக் கிணறுகளிலிருந்து வருகிறது, அந்தக் கிராமத்தின் குடிநீர்ப் போர் வற்றிக்கொண்டிருக்கிறது, பெண்கள் காலிக் குடங்களோடு நிற்கிறார்கள், நாங்கள் எடுப்பதும் இதற்கு ஒரு காரணம், மறுசுழற்சி இயந்திரம் போட்டால் பாதியாகக் குறைக்கலாம், இதுவரை போடவில்லை. சுற்றி வளைக்காமல், யார் மேலும் பழி போடாமல் எழுதியிருந்தாள். அனுப்புகிற பட்டனை அழுத்திவிட்டு, இருக்கன்குடியாளை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டார்ச் லைட் கூட்டம் தேர்ச்சி என்றது. பதக்கக் கம்பெனி வெள்ளி கொடுத்து, இந்தத் தொழிலில் இவ்வளவு குறைவாகத் தண்ணீர் செலவழிக்கிற ஆலை அபூர்வம் என்று ஒரு வரி பாராட்டும் சேர்த்திருந்தது. எழுத்துப் போடுகிற கம்பெனி டி போட்டது. ஒரே ஆலை, ஒரே வருடம், ஒரே கிணறு. ஒரே ஜாதகத்தை மூன்று ஜோசியர்களிடம் காட்டினால்கூட இவ்வளவு மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

பாண்டிமீனாவுக்கு அந்த டி-யில் சந்தோஷம்தான். சோப்புக் கம்பெனி பார்க்கும், பதறும், மெஷின் எங்கே என்று கேட்கும் என்று காத்திருந்தாள். சோப்புக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வெள்ளிப் பதக்கத்துக்கு வாழ்த்து. அடுத்த வருடம் தங்கத்தை எதிர்பார்க்கிறோம். டி பற்றி அடியில் ஒரு வரி: தேவைப்பட்டால் நல்ல ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொள்ளவும். இதை அவள் இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை.

ஆலோசகராக ஹரிபிரசாத் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். இளவயசு, சாந்தமான பேச்சு, எல்லோரையும் ஜி போட்டுக் கூப்பிட்டார். மூன்று கம்பெனிகளும் எப்படி மார்க் போடுகின்றன என்று சுவரில் படம் போட்டு முதலாளிக்கு விளக்கினார். பதக்கத்துக்குத் தாள்தான் முக்கியம், தாள் பிரமாதமாக இருக்கிறது. ஆள் வந்து பார்ப்பதிலும் குறையில்லை. இந்த எழுத்து விவகாரம்தான் கெடுக்கிறது. பிரச்சினையை ரொம்ப நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் சொல்லிவிட்டு என்ன செய்தீர்கள் என்பதற்குப் பதில் இல்லை, அதனால்தான் டி என்றார்.

பாண்டிமீனா எழுந்து, செய்ய வைப்பதற்காகத்தான் சொன்னேன் என்றாள். அவர் புன்னகையோடு தலையாட்டிவிட்டு முதலாளியிடம் திரும்பினார். நம் அளவுள்ள கம்பெனி அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் சொல்லலாம். இந்தச் சோப்புக் கம்பெனிக்குப் பதக்கம் ஒன்றே போதும். அதனால் அடுத்த வருடம் அதில் பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார். சொன்னவனுக்கு டி, சொல்லாதவனுக்கு எழுத்தே கிடையாது. உண்மை பேசினவனை மட்டும் பெஞ்சு மேல் ஏற்றுகிற பள்ளிக்கூடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

மறுசுழற்சி மெஷினைப் பற்றி முதலாளியே ஞாபகமாகக் கேட்டார். ஹரிபிரசாத் உண்மையான வருத்தத்தோடு கணக்குச் சொன்னார். தாளில் நம் தண்ணீர்ச் செலவு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது. மெஷின் போட்டால், குறைப்பதற்கு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அதனால் மெஷின் மார்க்கைக் குறைக்கும். தங்கத்துக்குக் குறைகிற மார்க் வேறு இடத்தில் இருக்கிறது, சமுதாய நலன் என்கிற பகுதியில். பக்கத்தில் தண்ணீர்ப் பஞ்சம் உள்ள கிராமம் ஒன்றுக்கு இலவசக் குடிநீர் கொடுத்தால் முழு மார்க். அப்படி ஏதாவது ஊர் இருக்கிறதா, பஞ்சத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. அவர் நல்ல மனசோடுதான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"நம்ம பாண்டிமீனா ஊரே இருக்குல்ல. அந்தப் பிள்ள அதப் பத்தி எம்புட்டு நல்லா எளுதியிருக்கு. அதையே வச்சுக்கோங்க."

எடுத்துக்கொண்டார்கள். அவள் எழுதியதில் காலிக் குடங்களும் வற்றுகிற போரும் அப்படியே இருந்தன. நாங்கள் எடுப்பதும் ஒரு காரணம் என்கிற வரி மட்டும் இல்லை. எழுதிய கையாலேயே அந்த வரியை அழிக்க வேண்டியிருந்தது. அவள் அழிக்கும்போது நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை வேறு ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். இலவசத் தண்ணீர் கம்பெனியிலிருந்துதான் போகவேண்டும், கேட்டில் சீல் வைத்த சீட்டும் நேரம் போட்ட போட்டோவும் வேண்டும் என்பது விதி. வெள்ளைத்துரை விடியற்காலையில் முத்துராமலிங்கம் கிணற்றில் லோடு ஏற்றுவான். சிவகாசிக்கு வந்து கேட்டில் நிற்பான். பதக்கப் படமும் கம்பெனி பேரும் போட்ட துணியை லாரியில் கட்டுவார்கள். போட்டோ எடுத்து, சீல் அடித்து, அதே தண்ணீரை அதே ஊருக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவான். கிணற்றுக்கும் ஊர்த் தெருவுக்கும் கூப்பிடு தூரம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிள்ளையாரின் தேங்காயையே எடுத்துப் பிள்ளையாருக்கு உடைத்ததை அப்போதுதான் பார்த்தேன். டீசலுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா என்று வெள்ளைத்துரையே என்னிடம் நொந்துகொண்டான்.

ஊர்ப் பெண்கள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு, லேசான உவர்ப்போடு. முத்துப்பேச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, இது நம்ம தோட்டத்துத் தண்ணி என்றாள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. வாய் வறண்டவள் ருசி பார்த்துக் குடிப்பாளே தவிர நியாயம் பார்த்துக் குடிக்க மாட்டாள். ஒருத்தர் மட்டும் அந்த லாரிப் பக்கம் வரவில்லை. முத்துராமலிங்கம் தனக்கு வேண்டிய குடத்தைத் தன் கிணற்றிலேயே இறைத்துக்கொண்டார்.

லோடு குறையவில்லை, ஒரு லோடு கூடியதுதான் மிச்சம். அடுத்த மாசியில் கிணறு செத்தது. மோட்டார் ஒருநாள் காலையில் சேற்றை இழுத்தது, மறுநாள் வெறும் காற்றை இழுத்து, சூடாகிப் புகைந்து நின்றது. முத்துராமலிங்கம் கிணற்று மேட்டில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாராம். விழுவேன் என்று சொன்ன கிணற்றில் இப்போது விழுந்தாலும் மூழ்கிச் சாகத் தண்ணீர் இல்லை. கம்பெனி அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, வாடகையைக் கடைசி நாள்வரை கணக்குப் பார்த்துக் கொடுத்தது. லாரி வேறு ஊருக்குத் திரும்பியது. அங்கேயும் ஒரு சம்சாரி இருந்தார், அவரிடமும் ஒரு மோட்டார் இருந்தது.

பங்குனியில் தங்கத்துக்கான கடைசித் தாள்கள் அனுப்ப வேண்டியிருந்தது. தண்ணீர் வாங்குகிறவர்களின் கையெழுத்து வேண்டும் என்று ஹரிபிரசாத் சொல்லியிருந்தார். பாண்டிமீனா தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். கம்பெனி போடப்போகிற வண்ணப் புத்தகத்துக்குப் படங்களின் கீழே வாசகம் எழுத வேண்டும் என்று என்னையும் கூட அனுப்பினார்கள். லாரி வந்து நின்றது, பெண்கள் வரிசையில் வந்து குடம் பிடித்துக் கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டுப் போனார்கள். ராமுத்தாய் பாண்டிமீனாவின் முகத்தைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

வரிசையின் கடைசியில் முத்துராமலிங்கம் நின்றார். முத்துப்பேச்சிக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க முடியவில்லை. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் தண்ணீருக்காக வரிசையில் நின்று அந்த ஊர் பார்த்ததில்லை. வரிசையில் இருந்த பெண்கள் முன்னால் போகச் சொல்லி வழிவிட்டார்கள். அவர் போகவில்லை. தன் முறை வந்ததும் குடத்தை வைத்தார். நிரம்பியதும் மகளிடம் வந்தார்.

"எங்கன போடணும்?"

அவள் இடத்தைக் காட்டினாள். அவரிடம் கண்ணாடி இல்லை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், படிக்க முடியவில்லை.

"இதுலயாச்சும் தண்ணின்னு எளுதியிருக்கா ஆத்தா?"

"எளுதியிருக்குப்பா."

கையெழுத்துப் போட்டார். பில்லில் போடுகிற அதே கையெழுத்து, பேருக்கு முன்னால் தகப்பன் பேரின் முதல் எழுத்தோடு. குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் பாண்டிமீனா அந்தத் தாளை ஸ்கேன் செய்து பதக்கக் கம்பெனிக்கு அனுப்பினாள். அந்த வாரமே பதில் வந்தது. ஆவணத்தில் தண்ணீர் வழங்கப்பட்ட விவரம் தெளிவாக உள்ளது, ஏற்றுக்கொள்ளப்பட்டது.